புகையும் ஓவியமே

காரைக்காலை அடுத்த தலத்தெருவில், பழைய ஓட்டு வீடுகளின் வாயிற்சுவரில் விளக்குமாடம் காணலாம். மாலைதோறும் அங்கு ஏற்றப்படும் அகல்விளக்கின் புகை, மாடத்தின் மேற்புறத்தில் கரும்படலமாகப் படிந்திருக்கும். சுடருக்கு நேர்மேலே அடர்கருமை. அதனைச் சுற்றிப் பழுப்பு. விளிம்பில் மெல்லிய சாம்பல்நிறம். கடற்காற்று வீசும் திசைக்கேற்ப அப்படலம் சற்றே சாய்ந்துமிருக்கும்.

இதனை எவரும் ஓவியம் என்பதில்லை. அது சரியே, வரைய வேண்டும் என்று எண்ணி எவரும் விளக்கு வைப்பதில்லை. ஆனால் ஓர் ஓவியர் அதே தீயையும் புகையையும் திட்டமிட்டுப் பலகையில் பதித்துக் கண்காட்சியில் வைத்தால், காண்போர் இரண்டு குறைகளைச் சொல்வர். ஒன்று, அதில் உருவம் எதுவும் இல்லை என்பது. மற்றொன்று, அதனை ஆக்கியது நெருப்பேயன்றி மனிதர் அல்லர் என்பது. முதற்குறைக்கு விடை எளிது. இரண்டாவதே ஆராயத்தக்கது.

வாசலில் இடப்படும் சிக்குக்கோலம் எதன் உருவம்? அதில் மலரில்லை, பறவையில்லை. புள்ளிகளைச் சுற்றி வளைந்து செல்லும் கோடு மட்டுமே உண்டு. எனினும் 'இதன் பொருள் என்ன?' என்று கோலமிடும் பெண்ணை எவரும் நிறுத்திக் கேட்பதில்லை. கோடு ஓரிடத்தில் பிசகினால் மட்டும் தெருவே கண்டுகொள்ளும். உருவமற்ற கலையைச் சுவைக்கவும் அதன் பிழையைக் காணவும் அறிந்த மக்கள், அதே கலை சட்டத்திற்குள் வந்தவுடன் அயன்மை கொள்வது வியப்பிற்குரியது.

இனி நெருப்பிற்கு வருவோம். குஜராத்தில் 1930இல் பிறந்த ஜெராம் பட்டேல், மும்பை ஜே.ஜே. கலைப்பள்ளியிலும் பின்னர் இலண்டனிலும் பயின்று, பரோடா பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலத்தில் ஆசிரியராகத் திகழ்ந்தவர். 1960களில் அவர் தூரிகைக்கு மாற்றாக ஊதுவிளக்கைக் கையிலெடுத்தார். பட்டறைகளில் பழைய வண்ணப்பூச்சை உரிப்பதற்கும் உலோகத்தைப் பற்றவைப்பதற்கும் பயன்படும் கருவி அது. ஒட்டுப்பலகைகளை அடுக்கி ஒட்டி, உளியால் குடைந்து, சுடரைப் பீய்ச்சி எரித்தார். வெந்து கருகிய பள்ளங்களும் தீண்டப்படாத மரத்தின் வெளிர்நிறமும் அருகருகே நின்று ஓவியமாயின.

மரம் ஏறத்தாழ 300 பாகை செல்சியஸ் வெப்பத்தில் கரியாகத் தொடங்கும். சுடர் சற்று விலகி நின்றால் பலகை பழுப்பேறும், நெருங்கினால் கருகும், அங்கேயே நிலைத்தால் துளைபடும். தூரிகை தவறினால் அதன்மேல் மற்றொரு வண்ணம் பூசி மறைக்கலாம். எரிந்த மரத்தை மீட்க வழியில்லை. ஆகவே, இக்கலையில் ஓவியரின் திறம் தீ வைப்பதில் இல்லை. தீயை விலக்கும் நொடியை அறிவதில் உள்ளது. பலகை ஒன்றைக் கொளுத்திவிட்டு அதற்கு ஓவியம் எனப் பெயர் சூட்டுவோரும் உண்டு. அவர்களுக்கும் பட்டேலுக்கும் உள்ள வேறுபாடு இந்த ஒரு நொடியே.

1962இல் பாவ்நகரில் தோன்றிய 'குழு 1890' என்னும் ஓவியர் அமைப்பில் பட்டேலும் ஒருவர். சிம்லாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த ஜெ. சுவாமிநாதன் அதன் முன்னோடி. பன்னிருவர் கொண்ட அக்குழு 1963இல் தில்லியில் ஒரே ஒரு கண்காட்சி நடத்திக் கலைந்தது. அதனைத் தொடங்கி வைத்தவர் நேரு.

'ஆக்கியது நெருப்பு' என்போர் தமிழ்நிலத்துக் குயவரை மறந்துவிடுகின்றனர். கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கருப்பு-சிவப்பு மட்கலங்களில் உட்புறம் கருமையாகவும் வெளிப்புறம் செம்மையாகவும் இருக்கும். இரண்டும் பூசப்பட்ட வண்ணங்கள் அல்ல. கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது, காற்றுப் புகாத உட்புறம் புகையுண்டு கருக்கும். காற்றுப்பட்ட வெளிப்புறத்தில் மண்ணிலுள்ள இரும்பு சிவக்கும். வண்ணம் தந்தது சூளையின் நெருப்பு. எங்கே எந்த வண்ணம் வேண்டும் என்று முடிவு செய்தது குயவரின் அறிவு. அந்தக் கலத்தைக் குயவரின் படைப்பு என்று ஏற்போர், பட்டேலின் பலகையை மட்டும் மறுப்பது எவ்வாறு பொருந்தும்?

ஐரோப்பாவிலும் இம்முயற்சி நடந்தது. உல்ஃப்காங் பாலென் 1930களின் பிற்பகுதியில் மெழுகுவத்திப் புகையால் வரைந்தார். காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து விடுபட்டு ஏழாண்டுகள் ஆன 1961இல், பிரான்சின் எரிவாயு ஆய்வுக்கூடம் ஒன்றில் இவ் கிளைன் தீச்சுடரைப் பீய்ச்சி ஓவியங்கள் ஆக்கினார். தீயணைப்பு வீரர் ஒருவர் நீர்க்குழாயுடன் அருகில் நின்றார். கிளைனின் தீ ஒருவகை வேள்வித்தீ, தூய்மையின் குறி. இரண்டாம் உலகப் போரில் மருத்துவராகப் பணியாற்றிச் சிறைப்பட்ட இத்தாலியர் அல்பெர்டோ புர்ரியோ, மரத்தையும் நெகிழியையும் எரித்தபோது காண்போர் அவற்றில் காயத்தைக் கண்டனர். ஒரே நெருப்பு, இருவேறு பொருள்.

ஆதலால், 'இவ்வோவியங்களில் வடிவமும் மேற்பரப்பும் மட்டுமே உண்டு. வேறு பொருள் தேடலாகாது' என்னும் திறனாய்வாளர் கூற்றையும் முழுமையாக ஏற்பதற்கில்லை. காரைக்காலுக்குத் தெற்கே கீழவெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசை ஒன்றில் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இந்த டெல்டா மண்ணில் வளர்ந்த ஒருவர் கருகிய பலகையின் முன் நிற்கையில், அந்நினைவு எழுந்தால் அது தவறான பார்வை ஆகாது. ஓவியர் அதனைக் கருதியிருக்கமாட்டார். ஆயினும் கருகிய மரம் எதனைக் குறிக்கிறது என்பதைக் காண்பவரின் நிலமும் சேர்ந்தே முடிவு செய்கிறது. உருவம் வரையப்பட்டிருந்தால் அவ்வுருவத்தோடு பார்வை நின்றிருக்கும்.

புகைக்கரி பலகையில் உறுதியாய்ப் பற்றாது. விரல் பட்டாலே கலையும். அதனால் புகையோவியங்களின்மேல் பிசின்நீர் தெளித்துக் காப்பது வழக்கம். தலத்தெருவின் விளக்குமாடங்களுக்கு அக்காப்பு இல்லை. பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடிக்கையில் ஓராண்டுப் புகை முழுவதும் மறைந்துவிடும்; அன்று மாலையே மாடத்தின் மேற்புறத்தில் மறுபடியும் ஒரு பழுப்புப் புள்ளி தோன்றும்.