போனஸுக்கு முன்னே டிக்கெட்!

தீபாவளிக்கு நெல்லைக்குப் போக ரயில் டிக்கெட் எடுக்கச் சொன்னால், "போனஸ் வரட்டும், பார்க்கலாம்" என்பார் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் கணவர். போனஸ் வருவதோ பண்டிகைக்குச் சில நாள் முன்பு! அதற்குள் வெயிட்டிங் லிஸ்ட். தட்கலும் கிடைக்காமல் ஒரு வருடம் ஆம்னி பஸ்ஸுக்கு இரட்டிப்புப் பணம் கொடுத்தோம். அம்மாவுக்குப் புடவை எடுக்க வைத்திருந்த பணமும் அதிலேயே போச்சு.

120 நாளாக இருந்த முன்பதிவு, 2024 நவம்பரில் 60 நாளாகக் குறைந்தது. எனக்கு அதுவே வசதி. மாதம் 200 ரூபாய் ஒதுக்கி வைத்து, முன்பதிவு தொடங்கும் அன்று காலை எட்டு மணிக்கே எடுத்து விடுகிறேன். லீவு கிடைக்காவிட்டால் முன்கூட்டியே ரத்து செய்து, கட்டணம் போக மீதியை வாங்கிக்கொள்ளலாம். உறுதியான தட்கலை ரத்து செய்தால் பைசா வராது. காத்திருப்பதெல்லாம் ஆடித் தள்ளுபடியோடு சரி, சகோதரிகளே!

- ஒரு வாசகி, திருப்பூர்.