கிண்ணத்தை ஏந்தியவரும் வனைந்தவரும்

கி.பி. 1123ஆம் ஆண்டு சீனாவின் சொங் அரசவையிலிருந்து கொரியாவுக்குச் சென்ற தூதுக்குழுவில் சூ சிங் என்ற அதிகாரியும் இடம்பெற்றிருந்தார். கொரியோ அரசவையில் தேநீர் பரிமாறப்பட்ட முறை பற்றி அவர் எழுதிவைத்த குறிப்பு சுவையானது. பணியாளர்கள் கிண்ணங்களை ஏந்தி மெல்ல நடந்து வருவர். அனைவருக்கும் வழங்கியாயிற்று என்று அறிவிக்கப்படும்வரை எவரும் அருந்தலாகாது. ஆகவே தமக்கு எப்போதும் ஆறிய தேநீரே கிடைத்தது என்கிறார் அவர். மரியாதை கூடினால் சூடு குறையும் போலும்!

ஆயினும், அந்நாட்டு மட்பாண்டங்களின் பச்சை நிறத்தை அவர் மெச்சத் தவறவில்லை. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியளவில் 'சாங்கம்' எனப்படும் பதிப்பு வேலைப்பாடு அங்கு செழித்தது. அரைகுறையாக உலர்ந்த கிண்ணத்தில் நாரைகளையும் முகில்களையும் செவ்வந்திப் பூக்களையும் கீறி, அக்கீறல்களில் வெண்களிமண்ணையும் சுட்டபின் கறுப்பாகும் செங்களிமண்ணையும் நிரப்பி, மிகையை வழித்தெடுத்து, ஒருமுறை சுடுவார்கள். பின்னர் மெருகுப் பூச்சிட்டு, காற்றுக் குறைக்கப்பட்ட சூளையில் மீண்டும் சுடுவார்கள். சூளையில் சிறு பிசகு நேர்ந்தாலும் பச்சை பழுப்பாகிவிடும்.

நூதனசாலைகளில் இக்கிண்ணங்களைக் காண்போர் அரசர்களதும் பிரபுக்களதும் இரசனையையே வியக்கின்றனர். இது எனக்கு ஒருபோதும் உடன்பாடானதன்று. இரசனை வாங்கியவனுடையது, விரல் யாருடையது?

2007ஆம் ஆண்டு தேயான் கடலில் பேய்க்கணவாய் பிடிக்கச் சென்ற மீனவர் ஒருவரிடம், பச்சைப் பாத்திரமொன்றைப் பற்றிக்கொண்ட பேய்க்கணவாயொன்று அகப்பட்டது. அதன் வழியாக 12ஆம் நூற்றாண்டுக் கப்பலொன்றும் இருபதாயிரத்துக்கும் அதிகமான பாத்திரங்களும் வெளிப்பட்டன. கூடவே கிடைத்த மரச்சீட்டுகளில் ஒன்று, தெற்கே தம்ஜினிலிருந்து தலைநகரிலுள்ள இன்சு என்ற படை அலுவலரின் வீட்டுக்கு ஒரு கட்டுப் பாத்திரம் அனுப்பப்படுவதாகக் கூறுகிறது. பெறுநரின் பெயர் எண்ணூறு ஆண்டுகள் கடலடியிலும் அழியாதிருந்தது. வனைந்தவரின் பெயர் எழுதப்படவேயில்லை.

தேயிலை பறித்தோர் நிலையும் அதுவே. அவர்களுக்காகப் பேசியவர் யி கியூபோ (1168–1241) என்ற கவிஞர். அவரும் அரச அதிகாரிதான். தேநீரை விரும்பிப் பருகியவர்தான். எனினும், தெற்கு மலைகளில் கிழவரும் சிறுவருமாகத் திரட்டப்பட்டு, கொழுந்து கொய்து, தலைநகருக்குத் தோளில் சுமந்த மக்களின் துயரைக் கண்டு, அந்தத் தேயிலைத் திறையையே ஒழிக்கவேண்டும் என்று அவர் பாடினார்.