இயந்திரத்துக்குச் சாதி தெரியாது, விதி எழுதுபவருக்கு?

ஒரே தரமுள்ள விடைத்தாள்கள். முகப்பில் இருக்கும் சாதி மட்டும் வேறு. மதிப்பெண் மாறுமா? ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்ற பொருளியலாளர்கள் இந்தியாவில் இதைச் சோதித்து 2012இல் ஆய்வாக வெளியிட்டார்கள். தாளின் முகப்பில் சாதியைக் குலுக்கல் முறையில் எழுதி, ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதி என்று குறித்த தாள்களுக்கு 0.03 முதல் 0.08 திட்டவிலக்கம் வரை குறைவாக விழுந்தது. சிறிய அளவுதான். ஆனால் அரை மதிப்பெண்ணில் இடத்தை இழப்பவருக்கு அது சிறியதல்ல. இன்னொன்றும் தெரிந்தது: குறைத்துப் போட்டவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதி ஆசிரியர்களே. சாதி நம் தலைக்குள்ளும் குடியிருக்கிறது.

அப்படியென்றால் திருத்துவதை இயந்திரத்திடம் கொடுத்துவிடலாமா? புள்ளியியல் பாடத்தில் அது ஏற்கெனவே நடக்கிறது. 'ஆர்' மொழியில் 'எக்ஸாம்ஸ்' என்ற இலவச மென்பொருள் தொகுப்பு இருக்கிறது. ஆசிரியர் ஒரு கேள்வியை அச்சாக எழுதிவைத்தால், கணினி ஒவ்வொரு மாணவருக்கும் வேறு வேறு எண்களைப் போட்டுத் தாள் தயாரிக்கும்; விடையையும் தானே கணக்கிடும். திருத்தும்போது அது பார்ப்பது விடையை மட்டுமே. பெயரையோ ஊரையோ அல்ல.

இதை நாம் வரவேற்கவேண்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

சூத்திரம் சரி, கடைசிப் பெருக்கலில் பிழை என்றால் எண்ணை மட்டும் பார்க்கும் இயந்திரம் பூஜ்யம் போடும். படிகளைத் தனித்தனிக் கேள்வியாக உடைத்தால் இதைச் சரிசெய்யலாம். உடைப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது ஆசிரியர். கேள்வி எந்த மொழியில், எந்த வாழ்க்கையிலிருந்து எடுத்த உதாரணத்தோடு வரும் என்பதும் அவர் கையில்தான். பங்குச்சந்தையையே பார்த்திராத முதல் தலைமுறை மாணவர், கணக்கைப் போடும் முன் கதையைப் புரிந்துகொள்ளப் போராடவேண்டியிருக்கும்.

அதைவிடப் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. அகமதிப்பீடும் வாய்மொழித் தேர்வும் முகம் பார்த்துப் போடும் மதிப்பெண்கள். அவற்றைத் தொடாமல் எழுத்துத்தேர்வை மட்டும் கணினிமயமாக்கிவிட்டு, "இனி எல்லாம் தகுதி, திறமைதான்" என்று சொன்னால் ஏமாறக்கூடாது.

தோழர்களே, உங்கள் துறையில் இந்த முறை வரும்போது மூன்றைக் கேளுங்கள். மதிப்பெண் விதி முன்கூட்டியே எழுத்தில் வேண்டும். சரியான படிகளுக்கு மதிப்பெண் வேண்டும். மறுமதிப்பீட்டில் ஒரு மனிதர் பதில் சொல்லவேண்டும், அதுவும் தாளில் பெயர் இல்லாமல்.

புள்ளியியல் படிக்கும் தோழர்களுக்குக் கூடுதலாக ஒரு வேலை: தகவல் உரிமைச் சட்டத்தில் உங்கள் துறையின் அகமதிப்பீட்டு மதிப்பெண்களைப் பெயரில்லாமல், சமூகப் பிரிவுவாரியாகக் கேட்டு வாங்குங்கள். எழுத்துத்தேர்வு மதிப்பெண்ணோடு ஒப்பிடுங்கள். படித்த பாடத்துக்கு அதைவிட நல்ல தேர்வு வேறில்லை.