உழைப்பாளர் சிலையும் ஓரி சிலையும்

சென்னைக் கடற்கரையில் உழைப்பாளர் சிலையைப் பாராதவர் நம்மில் குறைவு. மே தினத் துண்டறிக்கை முதல் நாட்காட்டி வரை அச்சிலையின் உருவம் நமக்கு நெடுநாள் பழக்கம். அதை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டது மிகச் சொற்பம். எழுதியவர்களும் அவரைச் சிற்பி என்று சொல்லி நிறுத்திக்கொண்டனர். அவர் ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் இங்கே ஆசிரியராக இருந்தவர். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு அதுவே முதன்மையானதாகப் படுகிறது.

1899இல், இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர்ப் பகுதியில் பிறந்தவர் ராய் சௌத்ரி. அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார். மல்யுத்தத்திலும் வேட்டையிலும் நாட்டம் உடையவர். வங்க மொழியில் சிறுகதைகளும் எழுதினார். 1929இல் சென்னைக் கலைப்பள்ளியின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய அப்பள்ளி, உலோக வேலை, மரவேலை போன்ற கைவினைகளின் பயிற்சிக்கூடமாகவே பெரிதும் இருந்துவந்தது. அதை நுண்கலையின் பக்கம் திருப்பியவர் ராய் சௌத்ரி. மனித உடலை நேரில் கவனித்து வரைவதை அங்கே கல்வியின் நடுவே வைத்தார்.

அவருடைய குருமரபு புராணங்களிலும் மெல்லிய வண்ணங்களிலும் தோய்ந்தது. அவரோ மலைவாழ் லெப்சா மக்களை வரைந்தார். பசியால் வற்றிய உடல்களை வெண்கலத்தில் வடித்தார். 1959இல் மெரினாவில் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலையில் நான்கு ஆடவர் பெரும்பாறை ஒன்றை நெம்புகின்றனர். அவர்களுடைய தசைத் திரட்சி கூலிக்காரர்களுடையது அன்று, மல்லர்களுடையது என்று குறை சொல்வோர் உண்டு. அக்குறையில் உண்மை இருக்கிறது. ஆயினும் தலைவர்களுக்கும் புலவர்களுக்கும் என்றே வாய்த்துவிட்ட நம் கடற்கரைச் சாலையில், பெயரில்லாத நான்கு பேருக்கு இடம் வாங்கித் தந்தவர் அவர். அதற்காக அத்தசைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இவரைப் போல் ஒருவர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ருஷ்யாவிலும் இருந்தார். தஸ்தயேவ்ஸ்கி என்றதும் நம் மனத்தில் எழும் படம், கைகளைக் கோத்து முழங்காலைப் பற்றியபடி எங்கோ பார்த்திருக்கும் உருவம். 1872இல் அதை வரைந்த வசீலி பெரோவ், எளிய மக்களின் அன்றாட வாழ்வை வரைந்தவர். உதவித்தொகையோடு பாரிஸுக்குப் போன அவர், தாம் அறியாத மக்களைத் தம்மால் வரைய இயலாது என்று காலக்கெடு முடியும் முன்பே 1864இல் ஊர் திரும்பிவிட்டார். திரும்பியபின் வரைந்ததுதான் பனி உறைந்த தண்ணீர்ப் பீப்பாயை மூன்று சிறார் இழுத்துச் செல்லும் ‘துரோய்க்கா’ (1866). 1871 முதல் 1882இல் இறக்கும்வரை மாஸ்கோ ஓவியப் பள்ளியில் கற்பித்தார்.

இருவரையும் சேர்த்து நினைக்க வைப்பது அவர்களுடைய மாணவர்களே. பெரோவிடம் பயின்ற லெவித்தான் பெரும்பாலும் ஆளற்ற நிலக்காட்சிகளுக்குப் போனார். நெஸ்தெரோவ் துறவிகளிடம் போனார். ராய் சௌத்ரியிடம் பயின்ற கே.சி.எஸ். பணிக்கர் சொற்களும் குறியீடுகளும் நிறைந்த அருவ ஓவியத்துக்குச் சென்றார். 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தையும் தோற்றுவித்தார். நம் நாமக்கல்லில் 1919இல் பிறந்த பி.எம். சீனிவாசன், ஓவியருமான நாமக்கல் கவிஞரின் தூண்டுதலால் சென்னைக்குப் போய் அதே பள்ளியில் படித்தார். அவரைத்தான் ‘சில்பி’ என்று அறிவோம். ஆனந்த விகடனில் ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காக அவர் தீட்டிய கோயில் சிற்பங்களைப் பத்திரப்படுத்தி வைத்திருந்த வீடுகள் எத்தனையோ.

சாமானியனை வரைந்த ஆசானின் மாணவர்கள் சாமானியனை விட்டுப் போனது ஆசானின் தோல்வி என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். நாம் அதை ஏற்கவில்லை. தம்மைப்போல் வரையச் சொல்லிக் கொடுப்பது பட்டறை வேலை. ராய் சௌத்ரி தந்தது பார்வையை. எதைப் பார்ப்பது என்பதை மாணவரிடமே விட்டுவிட்டார். சில்பியின் கோடுகளில் கல்லின் நகக்கண்ணும் தப்புவதில்லை என்றால் அந்தப் பார்வைக்கு அதைவிட என்ன சான்று வேண்டும்? நம் மனக்குறை வேறு. அதே பொறுமை கல்லைச் செதுக்கியவன்மேலும், கல் சுமந்தவள்மேலும் திரும்பியிருந்தால் நம் வட்டாரத்தின் முகங்கள் சில நமக்கு மிஞ்சியிருக்கும்.

கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். சங்கப் பாடல்களில் ஓரி உண்டு, பாவை உண்டு, பலாவும் தேனும் உண்டு. செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடி மாதத்தில் அரசு விழா நடக்கிறது. மலையிலிருந்து வரும் பிள்ளைகளிடம் உங்கள் மலையைப் பற்றி எழுதுங்கள் என்றால், பெரும்பாலோர் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஓரியின் ஒரே அம்பு துளைத்துச் சென்ற வரிசையைப் பிழையின்றி எழுதிவிடுகிறார்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் மரவள்ளி மூட்டையோடு இறங்கும் லாரியும், சாமைக் காட்டில் குனிந்து நிற்கும் தாயும் அக்கட்டுரைகளில் வருவதில்லை. அவையெல்லாம் எழுதத் தக்கவை என்று அப்பிள்ளைகளுக்கு யாரும் சொன்னதில்லை. பாரிஸில் பெரோவுக்குத் தடையாக இருந்தது அந்நிய மண். இங்கே சொந்த மண்ணே பாடநூல் வழியாக அந்நியமாகி நிற்கிறது.

வரையப்படுவது ஒருவருக்கு என்னவாக இருக்கும் என்பதற்குப் பெரோவே எழுதிய ஒரு நினைவுக்குறிப்பு சான்று. ‘துரோய்க்கா’வின் நடுச்சிறுவனுக்காக, தெருவில் கண்ட ஏழைத் தாயொருத்தியின் மகனை அமர்த்தி வரைந்தார். சில ஆண்டுகள் கழித்து அத்தாய் தேடி வந்தாள். மகன் அம்மையில் இறந்துபோனான். உடைமைகளை விற்றுப் பணம் கொண்டுவந்திருந்தாள். அந்தப் படத்தைத் தனக்கு விற்கும்படி கேட்டாள். படமோ அதற்குள் திரெத்யகோவின் சேகரிப்பில் இருந்தது. பெரோவ் அவளை அங்கே அழைத்துப் போனார். அவள் படத்தின் முன் மண்டியிட்டு நெடுநேரம் தொழுதாள். பின்னர் அச்சிறுவனின் உருவத்தைத் தனியே வரைந்து அவளுக்கு அனுப்பிவைத்தார்.

செம்மேட்டில் ஓரிக்கு அருகே சுமைகாரிக்கும் ஒரு சிலை வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. சிலைகள் போதும். இப்பகுதிக் கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் ஓர் எளிய பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளலாம். மாணவர், வேலை செய்யும் ஒருவரை ஒரு மணி நேரம் பார்த்திருந்து, பார்த்ததை மட்டும் எழுதவேண்டும். உவமை கூடாது, மேற்கோள் கூடாது. கலைப்பள்ளியில் உடலைப் பார்த்து வரைவதற்கு ஈடாகத் தமிழ் வகுப்பில் செய்யக்கூடியது அது. சென்ற பருவத்தில் நாம் அதைத் தொடங்கினோம். மலையிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, தன் பாட்டி சாமை புடைப்பதை இரண்டு பக்கம் எழுதி வந்தாள்; முறத்தின் விளிம்பில் கட்டைவிரல் பட்டுத் தேய்ந்த இடம்கூட அதில் இருந்தது. துறையின் சுவரிதழில் ஒட்டியிருக்கிறோம். பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு, படம் வரைய ஆள் தேடிக்கொண்டிருக்கிறோம்.