மிதிவண்டிச் சுற்றுலாவை எள்ளி நகையாடும் முன்

வரலாற்றுச் சிறப்புமிக்க கிராமப்புறங்களின் ஊடே நான்கைந்து நாட்கள் வழிகாட்டியுடன் மிதிவண்டியில் செல்லும் விடுமுறைப் பயணங்கள் இப்போது பரவலாக விளம்பரப்படுத்தப்படுகின்றன. ஹம்பி, ஆனெகுந்தி, சேகாவதி எனப் பட்டியல் நீள்கிறது. ஆய்வுலக நண்பர்களிடம் இதைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் கிடைப்பது ஓர் ஏளனப் புன்னகை. உழவன் வயிற்றுப்பாட்டுக்கு மிதித்த வண்டியை நகரத்து மேட்டுக்குடியினர் பொழுதுபோக்குக்கு மிதிக்கிறார்கள் என்பது அந்தப் புன்னகையின் பொருள். இந்த விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லிவிட்டு நாம் ஏறி அமர்வது குளிரூட்டப்பட்ட கல்விச்சுற்றுலாப் பேருந்தில் என்பதால், அதைச் சொல்லும் தகுதி நமக்குக் கொஞ்சம் குறைவு.

வட கர்நாடகத்தின் மலப்பிரபா ஆற்றுப் பள்ளத்தாக்கில் நடந்த இத்தகைய நான்கு நாள் பயணம் ஒன்றில் கடந்த ஜனவரியில் கலந்துகொண்டேன். பாதாமியில் தொடங்கி, மகாகூடம், பட்டடக்கல், ஐஹொளே வழியாகக் கூடலசங்கமத்தில் முடியும் வழித்தடம். எட்டுப் பேர். முன்னே வழிகாட்டி, பின்னே பழுது நீக்குபவர், அவருக்கும் பின்னே எங்கள் பைகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் களைத்தவர்களையும் ஏற்றிக்கொள்ள ஒரு வேன். நாளொன்றுக்கு முப்பது, நாற்பது கிலோமீட்டர். ஏற்பாட்டில் குறை சொல்ல அதிகமில்லை. நான் எழுத விரும்புவது அந்தப் பயணம் எதைக் காட்டியது, எதைக் காட்ட மறுத்தது என்பது பற்றி.

காட்டியதை முதலில் சொல்கிறேன். இந்தியக் கலை வரலாற்றுப் பாடத்தில் பாதாமி, ஐஹொளே, பட்டடக்கல் ஆகிய மூன்றும் ஒரே வளர்ச்சியின் மூன்று படிகளாக நமக்குக் கற்பிக்கப்படுகின்றன. குடைவரை ஒரு படி, கட்டுமானப் பரிசோதனைகள் அடுத்த படி, முதிர்ச்சி மூன்றாம் படி. தேர்வில் எழுத வசதியான வரிசை. பேருந்தில் போனால் இந்த வரிசை இன்னும் உறுதிப்படும்; மூன்று நிறுத்தங்கள், மூன்று குழுப்படங்கள், இடையில் உறக்கம். மிதிவண்டியில் அது சாத்தியமில்லை. பாதாமியிலிருந்து பட்டடக்கல் சுமார் 22 கிலோமீட்டர். அங்கிருந்து ஐஹொளே சுமார் 13. இந்த 35 கிலோமீட்டரை ஒருவர் தம் கால்களால் கடக்கும்போது, மூன்று ஊர்களுக்கும் நடுவே நிலம் என்று ஒன்று இருப்பது தெரியவருகிறது.

சிவந்த மணற்கல் குன்றுகள் செங்குத்தாக முடியும் இடத்தில் கரிசல் தொடங்குகிறது. சோளமும் சூரியகாந்தியும் மாறி மாறி வருகின்றன. ஓரிடத்தில் ஆறு வடக்கு நோக்கித் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில்தான் பட்டடக்கல் இருக்கிறது. வடக்கு நோக்கிப் பாயும் ஆற்றைப் புனிதமாகக் கருதும் மரபை நூல்களில் படித்திருக்கிறோம். ஆற்றங்கரைச் சாலையில் காலை வெயில் வலக் கன்னத்தில் விழும்போது அது வேறு விதமாகப் புரிகிறது. பட்டடக்கல்லுக்கு வடக்கே சில கிலோமீட்டர் தொலைவில் சாளுக்கியர் காலக் கல்லுடைப்புக் களம் ஒன்று உள்ளது. பாறை முகங்களில் ஆப்பு வைத்துப் பிளந்த தடங்கள், உருவக் கீறல்கள், பெயர்ப் பொறிப்புகள். அங்கிருந்து கோயில் வளாகம் வரை மிதித்து வருகையில் எங்கே இறக்கம், எங்கே ஏற்றம் என்பதைத் தொடை சொல்லிவிடுகிறது. அத்தனை கற்களும் எந்த வழியாகச் சென்றிருக்கும் என்ற கேள்வி, பத்தாண்டுகளாக இக்கோயில்களைப் பற்றிப் படித்துவரும் எனக்கு அப்போதுதான் ஓர் உண்மையான கேள்வியாக எழுந்தது. விடை கிடைத்துவிடவில்லை. ஆனால் இருக்கையில் சாய்ந்திருந்தால் கேள்வியே வந்திராது.

வணிக வரலாறும் அப்படித்தான். ஐஹொளேயைத் தாயகமாகச் சொல்லிக்கொண்ட ஐந்நூற்றுவர் வணிகக் குழு தென்னிந்தியா முழுவதும் பரவியிருந்தது. சுமத்ராவின் பாருஸில் கிடைத்த, 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு வரை அதன் தடம் நீள்கிறது. நம் கருத்தரங்குகளில் இக்குழுவின் 'வலைப்பின்னல்' பற்றி வரைபடத்தில் கோடுகள் இழுத்துக் காட்டுகிறோம். அந்தக் கோடு ஒவ்வொன்றும் பொதிமாடும் கழுதையும் நடந்த தடம். எந்த ஊரில் நிழல் உண்டு, எந்தக் கிணற்றில் தண்ணீர் உண்டு, அடுத்த தங்குமிடம் இருட்டுமுன் எட்டுமா என்ற கணக்கில்தான் அந்த வணிகம் நடந்தது. மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம் அந்தக் கணக்கை ஓரளவேனும் நம் உடலுக்கு உணர்த்துகிறது.

தமிழ் மாணவர்களுக்கு இப்பள்ளத்தாக்கில் தனி அக்கறை உண்டு. 'சிவகாமியின் சபதம்' படித்து வளர்ந்தவர்களுக்கு வாதாபி என்பது எரியும் ஊர். 642இல் நரசிம்மவர்மன் வாதாபியைக் கைப்பற்றியதைக் குறிக்கும் பல்லவக் கல்வெட்டு இன்றும் பாதாமிப் பாறையில், சிதைந்த நிலையில், இருக்கிறது. கதை அத்துடன் முடிந்துவிடுகிறது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதைக் கோயிலுக்கே திருப்பியளித்ததாகக் கன்னடத்தில் அங்கேயே பொறித்துவைத்தான். அந்த வெற்றியின் நினைவாக அவன் அரசி லோகமகாதேவி எழுப்பியதுதான் பட்டடக்கல் விருபாட்சர் கோயில். அதைக் கட்டிய தலைமைச் சிற்பி குண்டன் அநிவாரிதாசாரிக்கு 'திரிபுவனாசாரி' என்ற பட்டம் தரப்பட்டதும் கல்லில் உள்ளது. எங்கள் வழிகாட்டி, இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க இளைஞர், இவ்வளவையும் விருபாட்சர் கோயில் வாசலில் நின்று, ஒரு தாளையும் பாராமல், கைலாசநாதர் விமானத்தையும் இதையும் ஒப்பிட்டுச் சொன்னார். அவர் காஞ்சிபுரம் பார்த்ததில்லை. நான் கேட்ட பல துறை விரிவுரைகளைவிட அது தெளிவாக இருந்தது. (விமானத்தின் தளங்களைத் தவறாக எண்ணும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள்; பெயர் வேண்டாம்.)

இனி, காட்ட மறுத்தது.

ஐஹொளேயில் நூற்றுக்கு மேற்பட்ட கோயில்கள் உள்ளன. அவற்றுக்கு நடுவே, சில இடங்களில் அவற்றின் சுவரோடு சுவராக, ஓர் ஊர் வாழ்கிறது. கோயில்களின் பெயர்களைக் கேளுங்கள்: லாட்கான் கோயில், கௌடர குடி, அம்பிகேர குடி, படிகேர குடி. லாட்கான் என்பவர் அக்கோயிலைக் குடியிருப்பாகக் கொண்டிருந்தவர். அம்பிகர் என்றால் படகோட்டிகள், படிகர் என்றால் தச்சர். தெய்வத்தின் பெயர் மறைந்து, அங்கும் அருகிலும் வாழ்ந்தவர்களின் பெயர் நிலைத்திருக்கிறது. தொல்லியல் துறையின் பலகைகளிலேயே எழுதப்பட்டிருக்கும் இந்தச் சமூக வரலாற்றைப் பற்றி எங்கள் பயணத்தில் ஒரு சொல்லும் பேசப்படவில்லை. துர்க்கை கோயில் எனப்படுவது துர்க்கைக்கு உரியதன்று, அருகிருந்த கோட்டையால் வந்த பெயர் என்ற துணுக்கு மட்டும் சொல்லப்பட்டது. கைதட்டல் கிடைக்கும் துணுக்கு அது.

பேசப்படாதது அது மட்டுமன்று. 2010இல் திருத்தப்பட்ட நினைவுச்சின்னச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானம் கூடாது. பழுது பார்க்கவும் அனுமதி வேண்டும். அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. ஒற்றைச் சின்னம் உள்ள ஊரில் இது ஒரு வட்டம். நூறு கோயில்கள் சிதறிக் கிடக்கும் ஊரில் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஊரையே மூடிவிடுகின்றன. மகனுக்குத் திருமணமானால் ஓர் அறை கூட்டிக் கட்ட முடியாது. ஊரையே வேறிடத்துக்குப் பெயர்க்கும் பேச்சு பல்லாண்டுகளாக எழுவதும் அடங்குவதுமாக இருக்கிறது. எனவே மக்கள் இருக்கவும் முடியாமல் போகவும் முடியாமல் இருக்கிறார்கள்.

இத்தகைய பயண விளம்பரங்களில் தவறாது வரும் ஒரு சொற்றொடர் உண்டு: 'காலம் உறைந்துபோன கிராமங்கள்'. ஐஹொளேயில் காலம் தானாக உறையவில்லை. ஒரு சட்டப்பிரிவு அதை உறைய வைத்திருக்கிறது. விடுமுறைப் பயணி ஆசையோடு படமெடுக்கும் மண்சுவரும் சரிந்த கூரையும் அழகுணர்ச்சியால் காக்கப்பட்டவை அல்ல; அனுமதிக்குக் காத்திருப்பவை. சட்டம் தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. அச்சட்டம் இல்லையென்றால் அக்கோயில்கள் பலவற்றின் நிலை என்னவாகியிருக்கும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை மறைத்துவிட்டு, அவ்விலையின் விளைவையே காட்சிப்பொருளாக விற்பது நேர்மையன்று.

வழிகாட்டிக்கு இது தெரியாதா? அவர் உறவினர் வீடே அந்த வட்டத்துக்குள் இருக்கிறது. இரண்டாம் நாள் இரவு ரொட்டியும் எண்ணெய்க் கத்தரிக்காயும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் தனியே கேட்டேன். "விருந்தாளிகளின் மனம் வருந்தும்படி எதையும் பேச வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், அண்ணா" என்றார். அவருக்கு நாட்கூலி. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வேலை. மற்ற மாதங்களில் குலேதகுட்டாவில் அண்ணனின் துணிக்கடை. வேலை நிலைக்க வேண்டும் என்றால் கதை இனிமையாக இருக்க வேண்டும்.

கூடலசங்கமத்தில் இந்த மௌனம் இன்னும் கனமாக இருந்தது. கிருஷ்ணாவும் மலப்பிரபாவும் கலக்கும் அவ்விடத்தில் பசவண்ணர் ஐக்கியமான இடத்தைச் சுற்றி, அணை நீர் புகாதவாறு கிணறுபோலச் சுவர் எழுப்பிக் காத்திருக்கிறார்கள். இறங்கிச் சென்று வணங்கலாம். கிருஷ்ணா மேலணைத் திட்டத்தில் இம்மாவட்டத்தின் எத்தனையோ ஊர்களுக்கு அப்படிச் சுவர் எழவில்லை. பழைய பாகல்கோட்டையின் பெரும்பகுதியே நீருக்குள் போய், நவநகர் என்ற புதிய ஊர் உருவானது. எங்களுக்கு அங்கே ஒரு மணி நேரமும் இளநீரும் தரப்பட்டன.

மேட்டுக்குடிப் பொழுதுபோக்கு என்ற விமர்சனத்துக்கு மீண்டும் வருகிறேன். அந்த நான்கு நாட்களில் நாங்கள் கண்ட பெரியவர்கள் பெரும்பாலும் இருசக்கர மோட்டார் வண்டிகளிலும் பங்கு ஆட்டோக்களிலும் சென்றார்கள். மிதிவண்டியில் எதிர்ப்பட்டவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். 2006-07 முதல் கர்நாடக அரசு எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு மிதிவண்டி வழங்கிய திட்டத்தின் நினைவு அவ்வூர்களில் இன்னும் இருக்கிறது. அக்கா ஓட்டிய வண்டியைத் தங்கை ஓட்டுகிறாள். ஆகவே 'உழவனின் வாகனத்தைப் பறித்தோம்' என்ற குற்றவுணர்ச்சியில் நம் கற்பனையே மிகுதி. உண்மையான இடர்ப்பாடு கட்டணத்தில் இருக்கிறது. நெட் தேர்ச்சி பெறாத முனைவர் பட்ட ஆய்வாளருக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் மாதம் 8,000 ரூபாய் கிடைக்கிறது. இப்பயணத்தின் கட்டணம் அதைவிடப் பல மடங்கு. நான் சேர முடிந்தது நண்பர் ஒருவர் கடைசி நேரத்தில் விலகி, தம் இடத்தை எனக்குத் தந்ததால். இந்நிலத்தை இந்த வேகத்தில் படிக்க வேண்டியவர்கள் யாரோ அவர்களுக்கு அது எட்டாது. வாங்கக்கூடியவர்களுக்கு அதில் பாதி தேவையில்லை.

எனவே என் கருத்து இது: இந்த வடிவத்தை நம் துறைகள் எடுத்துக்கொள்ள வேண்டும். வரலாறு, தொல்லியல், கலை வரலாறு, புவியியல் முதுகலை மாணவர்களின் களப்பயணத்தில் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கையாவது மிதிவண்டியில் கடக்கச் செய்யலாம். பதினைந்து பழைய மிதிவண்டிகளும் ஒரு சிறு சரக்கு வண்டியும் போதும். பேருந்து வாடகையோடு ஒப்பிட்டால் துறைத்தலைவர்கள் வியப்படைவார்கள். தடைகள் உண்டு. மார்ச்சுக்குப் பிறகு அவ்வெயிலில் ஓட்ட இயலாது. 2019 ஆகஸ்டில் பட்டடக்கல்லையே மலப்பிரபா சூழ்ந்தது, ஆதலால் மழைக்காலமும் ஆகாது. மணல் லாரிகள் செல்லும் சாலைகளைத் தவிர்க்க வேண்டும். மிதிவண்டி ஓட்டத் தெரியாத, ஓட்ட இயலாத மாணவர்களுக்குச் சரக்கு வண்டியில் இடம் இருக்க வேண்டும். அதைச் சலுகையாகக் கருதக் கூடாது. பெண்களுக்கான கழிப்பறை பெரிய சிக்கல். எங்கள் குழுவின் மூன்று பெண்களும் முதல் 22 கிலோமீட்டரில் பட்ட அவதியைப் பற்றி அவர்களே எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வழிகாட்டியின் இடம். அவரை 'உள்ளூர்த் தகவலாளி' என்று அடிக்குறிப்பில் பெயரின்றிக் கரைத்துவிடும் வழக்கம் நம்முடையது. விருந்தாளியின் மனம் வருந்தக் கூடாது என்று வாய்ப்பூட்டுப் போடும் பயண நிறுவனத்தைவிட அது மேலானதன்று. சிறப்பு விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய் என 2019இல் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்திருக்கிறது. ஒரு நாள் வழிகாட்டுதலைக் குறைந்தது மூன்று வகுப்புகளாகக் கணக்கிட்டு அதே தொகையை வழங்கலாம். அவர் பெயரைப் பாடத்திட்டத்தில் ஆசிரியர் பட்டியலில் சேர்க்கலாம். ஐஹொளேத் தெருவில் நின்று 100 மீட்டர் எங்கே முடிகிறது என்று அவர் நாடாவால் அளந்து காட்டட்டும். அந்த வட்டத்துக்குள் வாழும் ஒரு குடும்பம் விரும்பினால் மாணவர்களோடு பேசட்டும்.

எங்கள் துறையில் அடுத்த பருவத்துக்கான களப்பயண முன்மொழிவை இவ்வகையில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வழித்தடம் பாதாமியிலிருந்து ஐஹொளே வரை மட்டும். கூடலசங்கமத்துக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும் என்பதால் இம்முறை சேர்க்கவில்லை. 'மிதிவண்டி' என்ற சொல்லுக்கு அடியில் சிவப்பு மையால் கோடிட்டு, காப்பீடு யார் பொறுப்பு என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். பிற பல்கலைக்கழகங்களில் இத்தகைய பயணத்துக்குக் காப்பீடு பெற்ற அனுபவம் உள்ள நண்பர்கள், அதன் நடைமுறையைக் கீழே எழுதினால் உதவியாக இருக்கும்.