தீவுக்குப் போறீங்களா? இன்சுலின் பத்திரம்!

கந்தர்வக்கோட்டையிலிருந்து அந்தமானுக்கா என்று இப்போதெல்லாம் யாரும் வாயைப் பிளப்பதில்லை. சென்னையில் விமானம் ஏறினால் இரண்டேகால் மணி நேரத்தில் போர்ட் பிளேர். அங்கிருந்து கப்பலில் ஹேவ்லாக் தீவு. 2018-ல் அதற்கு ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாற்றிவிட்டார்கள்.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், என் ஓட்டு நட்சத்திர ஓட்டலுக்கு இல்லை. உரிமையாளரே குடும்பத்தோடு இருந்து நடத்தும் சின்னக் கடற்கரை விடுதிக்குத்தான். இன்சுலினை அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜிலேயே வைக்கச் சொல்லலாம் (ஃப்ரீசரில் வேண்டவே வேண்டாம்!). மாமியாருக்கு உப்பு குறைத்துச் சமைக்கச் சொல்வதும் சுலபம். ராத்திரி சர்க்கரை இறங்கித் தலை சுற்றினால், தட்டுவதற்குப் பக்கத்திலேயே ஒரு கதவு இருக்குமே!

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு முன்பணம் கட்டிவிடாதீர்கள். குடிக்கிற தண்ணீர் எது, கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா, கொசுவலை தருவார்களா... கூச்சப்படாமல் கேளுங்கள். மணல் ஈ கடித்த இடத்தைச் சொறிந்தால் சர்க்கரைக்காரர்களுக்குப் புண் லேசில் ஆறாது. பவளப்பாறையில் வெறுங்கால் கூடவே கூடாது.

தீவில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. பெரிய சிகிச்சை என்றால் போர்ட் பிளேர் ஜி.பி.பந்த் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடணும். கடல் கொந்தளித்தால் கப்பலே ஓடாது. அதனால் மருந்து, ஊசி எல்லாம் ஒரு வாரத்துக்குக் கூடுதலாகவே இருக்கட்டும். பெட்டியில் போடாமல் கைப்பையில்.