கேக் கருகினால் பழி மைதாவுக்கா?

கிறிஸ்துமஸ், புத்தாண்டு நெருங்கினால் நம் கடைகளில் மைதா, பேக்கிங் பவுடர், எசென்ஸ் எல்லாம் நன்றாக ஓடும். வீட்டில் செய்த கேக் அடி கருகி, நடு வேகாமல் போனால் பழி நம் மைதாவின் மீதுதான் விழும். பல வீடுகளில் குறை பாத்திரத்தில் இருக்கிறது. எனவே கேக் டின் விற்கும் மளிகைக்காரர் அதைப் பற்றியும் நாலு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்.

மெல்லிய தகட்டில் சூடு சீராகப் பரவாது, நாளடைவில் நெளியும். கனமான, பூச்சில்லாத அலுமினியமே வீட்டுக்கு ஏற்றது. கறுப்பு நான்ஸ்டிக் டின் சூட்டை அதிகம் வாங்கும். அதை விற்கும்போது ஓவன் சூட்டைச் சுமார் 15 டிகிரி செல்சியஸ் குறைக்கச் சொல்லுங்கள். டின்னுக்குள் கத்தி படக்கூடாது என்பதையும் சொல்லுங்கள்.

அடுத்தது அளவு. 8 அங்குல வட்டத்துக்கும் 9 அங்குல வட்டத்துக்கும் ஓர் அங்குலம்தானே வித்தியாசம் என்று எண்ணக்கூடாது. பரப்பு கால் பங்குக்கு மேல் கூடுகிறது. 9 அங்குல வட்டத்துக்கு ஈடானது 8 அங்குலச் சதுரம். "குக்கரிலா, ஓவனிலா? உள்ளளவு என்ன?" என்று கேட்டே சரக்கை எடுத்துக் கொடுங்கள். டின்னைச் சுற்றிச் சூடு ஓட இடம் வேண்டும். சோலோ மைக்ரோவேவ் என்றால் உலோக டின் கூடவே கூடாது. அதற்கென்று வரும் கண்ணாடிப் பாத்திரம்தான்.

மூன்று டின் அடங்கிய செட்டில் லாபம் கூடுதல்தான். ஆனால் அந்த வீட்டுக்கு ஒன்று போதும் என்றால் ஒன்றையே கொடுப்போம். கேக் நன்றாக வந்த வீட்டார் அடுத்த மாத மளிகை லிஸ்டையும் நம்மிடமே கொடுப்பார்கள்.